என் படத்துக்கு நான் கட்டிய மாலை

கோத்தா திங்கியில் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த, ரப்பர் பால் எடுக்கும் எங்கள் கித்தா தோட்டத்தில், டிரெஸ்ஸர் வீட்டுக் கூடத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்த காலம் ஒன்று உண்டு. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மனைவி வந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் குடும்பத்தோடு வந்தார். ஒரு தடவை வெள்ளைக்கார துரைசாணியே வந்தாள். இடது பக்கம் பார்த்தால் ஊரிலிருந்து கப்பலில் வந்த பித்தளையும் தேக்கும். வலது பக்கம் பார்த்தால் பிரம்பு நாற்காலி, கண்ணாடி அலமாரி, கிராமபோன். இரண்டுக்கும் நடுவில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு பெண்ணின் படம். படத்துக்கு மாலை, குங்குமம், கீழே ஒரு சின்ன விளக்கு. வந்தவர்கள் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டி, "பாவம், வயசுப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார்கள்.

அந்தப் பெண் நான்தான். உச்சுக் கொட்டியவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு அப்போது நான் சமையற்கட்டில் இருந்தேன்.

படம் எடுத்தபோது எனக்குப் பதினேழு வயது. முதல் யுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த சமயம். கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இறங்கியவளை, என் கணவர் ஜொகூர் பாருவில் ஒரு சீனரின் படக்கடைக்கு அழைத்துப் போனார். பின்னால் மாடிப்படி எழுதிய துணி ஒன்று தொங்கியது. என் கையில் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். அந்தக் கடையில் படத்தைக் கழுவி அதன் மேல் சாயம் தீட்டிக் கொடுப்பது வழக்கம். என் கூறைப்புடவை நல்ல அரக்குச் சிவப்பு. சிவப்புச் சாயம் தீர்ந்துபோயிற்றோ என்னவோ, அந்த மனிதர் பச்சையை அடித்து வைத்துவிட்டார். பச்சை எனக்கு ஆகவே ஆகாது. "கலர்ல என்ன இருக்கு, மூஞ்சி நல்லா விழுந்திருக்கில்ல" என்றார் என் கணவர்.

அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும் இடத்தில், தினமும் மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர்தான் டாக்டர். துரைக்கும் பெரிய கிராணிக்கும் அடுத்தபடி அவருக்குத்தான் மரியாதை. முதலில் நாங்கள் செனாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். வருஷங்கள் போயின, பிள்ளை பிறக்கவில்லை. எனக்கு மலைக்காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, கன்னம் ஒட்டிப்போனது. படத்தில் இருந்தவளையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே வீட்டுப் பெண்கள் என்று சொல்லலாம். ஒரே ஆள் என்று சொல்ல மாட்டார்கள். இந்த விஷயம் என் கணவருக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஆத்துக்கு அந்தாண்ட புதுத் தோட்டத்துக்கு மாத்தல் ஆயிருக்கு. அதுக்கு முன்னாடி எனக்குக் கல்யாணம். பொண்ணு ஜொகூர் பாரு. இங்கிலீஷ் படிச்சவ."

"பண்ணிக்குங்க. பிள்ளையில்லாத வீட்டுல நடக்கிறதுதானே" என்றேன். எனக்கு வயிறு எரியாமல் இல்லை. ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று எப்போதோ மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன்.

"இன்னொண்ணு. அவங்ககிட்ட நீ செத்துட்டேன்னு சொல்லியிருக்கேன்."

ரசக் கரண்டி என் கையிலேயே இருந்தது. "எப்ப செத்தேன்?" என்று கேட்டேன்.

"போன வருஷம். காய்ச்சல்ல."

கோபித்துக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் ஆஸ்பத்திரியில் மருந்து சாப்பிடும் முறையைச் சொல்கிற மாதிரி பதமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஊருக்குப் போவதானால் சிங்கப்பூரில் கப்பலேற்றி விடுகிறாராம். இங்கேயே இருப்பதானால் செத்தவளின் அக்காவாக இருக்க வேண்டுமாம். புருஷன் இல்லாதவள், போக்கிடம் இல்லாதவள், தங்கச்சி வீட்டோடு இருக்கிறவள். சாயல் ஒத்துப்போவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "ஒரு பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் நானே அவங்ககிட்ட எடுத்துச் சொல்லிடறேன். அதுவரைக்கும்தான்."

ஊரில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி, வீட்டுக்கு வந்த பூனைக்கே பாலை அளந்து ஊற்றுகிறவள். நான் அக்காவாக இருக்கச் சம்மதித்தேன். புருஷன் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்க, நான் பொட்டை அழித்து, வளையலைக் கழற்றி, தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில், காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பிறகு அது என் கண்ணில் படவில்லை.

புதுத் தோட்டத்து வீடு பலகை வீடு, உயரமான கால்களின் மேல் நின்றது. ஆற்றில் வெள்ளம் வந்தால் வீட்டுக்கடியில் தண்ணீர் ஓடும். கூடம் மட்டும் விசாலம். மூன்று பக்கமும் ஜன்னல், காலையில் வெளிச்சம் தரையெல்லாம் விழும். பெண் வருவதற்கு முன்னால் அந்தக் கூடத்தை நான்தான் ஒழுங்கு பண்ணினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பெட்டி, குத்துவிளக்கு இரண்டு, வெற்றிலைச் செல்லம், என் மாமனார் உபயோகித்த எச்சில் படிக்கம், நெல் அளக்கும் மரக்கால், சுவரோரம் சுருட்டி வைத்த கோரைப்பாய். எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். எனக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்றைக்கோ ஒரு நாள் இதன் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அவர் என் படத்தை எடுத்து வந்து, ஏணி போட்டு ஏறி, ஆணி அடித்து மாட்டினார். இறங்கி நின்று பார்த்தார். ஏதோ குறைகிறது என்று அவருக்குப் பட்டது.

"ஒரு மாலை கட்டிப் போடு" என்றார்.

பின்பக்கம் நந்தியாவட்டை பூத்துக் கிடந்தது. பறித்து, வாழைநாரில் தொடுத்து, என் படத்துக்கு நானே மாலை போட்டேன். உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு நம்மவர்கள் மாலை போட மாட்டார்கள். அதனால்தான் அந்த மாலைக்கு அவ்வளவு பலம். அதைத் தாண்டி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவள் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். கை வைத்த ரவிக்கை, பக்கவாட்டில் வகிடு, காலில் செருப்பு. பின்னாலேயே படகில் அவள் சாமான்கள் வந்தன. பிரம்பு நாற்காலிகள், வட்ட மேஜை, சீனத் தச்சன் செய்த கண்ணாடி அலமாரி, ஆள் உயரக் கண்ணாடி, கிராமபோன். வாசலில் கால் வைத்ததும் நேராகப் போய் என் படத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். எழுந்து என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க அவங்க மாதிரியே இருக்கீங்க" என்றாள். "கூடப் பிறந்தவ வேற எப்படி இருப்பா" என்றேன். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

என் சாமான்களை அவள் தூக்கிப் போடுவாள், அதை வைத்து ஒரு சண்டை போடலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை.

"பழசை ஒதுக்கக் கூடாதுக்கா. புதுசோட கலந்து வைக்கணும். அப்பத்தான் ரெண்டும் எடுப்பாத் தெரியும்" என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டீச்சர் வீட்டில் அப்படித்தான் இருக்குமாம்.

என் தேக்குப் பெட்டி மேல் அவள் பின்னிய வெள்ளை நூல் விரிப்பு ஏறியது, அதன் மேல் ஜப்பான் கடிகாரம். வெற்றிலைச் செல்லத்தில் கிராமபோன் ஊசிகள். மரக்காலில் குடைகள். எச்சில் படிக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள், கழுத்து ஒடுங்கி வாய் விரிந்த அதன் வடிவம் பிடித்துவிட்டது. காகிதத்தில் ரோஜாப்பூ செய்து அதில் சொருகி வட்ட மேஜை நடுவில் வைத்தாள். என் மாமனார் வெற்றிலை எச்சிலை இருமி இருமித் துப்பியது அதில்தான். நான் சொல்லவில்லை. பெரிய கிராணியின் மனைவி அதில் மூக்கை வைத்து, "அசல் ரோஜா மாதிரியே இருக்கு" என்றபோது எனக்குக் கிடைத்த இன்பத்தை அந்த வீட்டில் வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கண் இருந்தது. பெரிய கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரில் ஒரு வாகாகச் சாய்த்து வைத்தாள். சாயங்காலம் குத்துவிளக்கை ஏற்றினால் இரண்டு விளக்கு நான்காகத் தெரியும், பித்தளையெல்லாம் பொன்னாக நிற்கும். நான் வைத்தபோது அவை பாத்திரங்களாக இருந்தன. அவள் வைத்தபோது பார்க்க வேண்டிய பொருட்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டில் இருந்த பழசில் அவள் எடுத்து வைக்காதது நான் ஒருத்திதான். எனக்குப் பதில் என் படம் இருந்தது. அது என்னைவிட அழகாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் படத்துக்குப் படையல் போட்டாள். சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது நம்மவர்களில் உண்டு. இளையாளாக வந்தவள் மூத்தாளை மறந்தால் குடி விளங்காது என்ற பயமும் உண்டு. "அவங்களுக்கு என்ன பிடிக்கும்க்கா?" என்று என்னிடம் கேட்டாள். அதிரசம் பிடிக்கும், பால் பாயசம் பிடிக்கும், பாயசத்தில் முந்திரி நிறைய விழ வேண்டும் என்றேன். படைப்பதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது என்பது முறை. நான் சமையற்கட்டிலேயே வேண்டியமட்டும் சாப்பிட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோய் வைப்பேன். யாருக்குப் படைக்கிறார்களோ அவள் சாப்பிடுவதில் என்ன தப்பு?

புடவை விஷயத்தில்தான் மூக்கு உடைந்தது. படத்தில் பச்சை கட்டியிருக்கிறாள் என்று பார்த்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படையலில் பச்சைப் புடவையாகவே வாங்கி வைத்தாள். படைத்த புடவையைச் சுமங்கலிதான் கட்ட வேண்டும். ஆகவே அவள் கட்டிக்கொண்டாள். எனக்கு வந்தது வெள்ளை. எனக்குப் பிடிக்காத நிறத்தை எனக்குப் படைத்து, அதை என் கண்ணெதிரில் அவள் கட்டிக்கொண்டு நின்றாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனாலும் நான் கலங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. படத்தில் இருப்பது நான்தான் என்கிற வார்த்தை. அவள் கிராமபோனைச் சுற்றிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நான் விளக்குமாற்றோடு கூடத்தைத் தாண்டிப் போவேன். மனதுக்குள், "ஆடு, ஆடு. நான் வாயைத் திறந்தால் நீ இந்த வீட்டில் யார்?" என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் வெள்ளைப் புடவையைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். பிள்ளை பிறக்கட்டும். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன காலம் வந்தது. பழைய துரையைச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பங்களா சாமான்களை ஏலம் போட்டார்கள். கூலிகள் குடியிருந்த லயத்தில் சம்பளத்தைக் குறைத்து ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு சோபா வந்தது. மாட்டுத்தோல் போர்த்தியது, நடுவில் குழி விழுந்தது. அதில் மெத்தைத் தலையணைகள் வைத்தால் குழி தெரியாது என்று அவள் சொன்னாள். கடைத் துணி வேண்டாமாம். பழைய பட்டு வேண்டுமாம். தோல் சோபாவில் ஜரிகைப் பட்டு வைத்தால் அதுதான் அழகாம்.

என் தேக்குப் பெட்டியின் அடியில் என் கூறைப்புடவை இருந்தது. அவள் அதை எடுத்து விரித்தபோது நான் கூடத்து வாசலில் நின்றேன். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோடது? அவங்களோடதா? அவங்க புடவை பச்சையாச்சே" என்றாள்.

அவர் என்னைப் பார்க்காமல், "அது அக்காவோடது" என்றார்.

அவள் முகம் தெளிந்தது. செத்தவள் புடவை என்றால் தொட்டிருக்க மாட்டாள். "அக்கா, உங்களுக்கு இனிமே எதுக்குப் பட்டு? பொட்டிக்குள்ள பூச்சிதானே திங்குது?" என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் செல்லத்தைத் திறந்து வெற்றிலை தேடினார். உள்ளே ஊசிதான் இருந்தது, மூடி வைத்தார்.

"எடுத்துக்கோ" என்றேன். "அந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்கக்கா, கோணாம வெட்டணும்" என்றாள். பிடித்துக்கொண்டேன். கத்திரிக்கோல் ஜரிகையில் போகும்போது கறகறவென்று சத்தம் கேட்டது. கரை சதுரத்தின் நடுவில் விழுகிற மாதிரி ரொம்பக் கச்சிதமாக வெட்டினாள். அன்றைக்கு நான் அவரை வெறுத்தேன். அதற்கு முன்னால் கோபம் இருந்தது, வருத்தம் இருந்தது. வெறுப்பு அன்றுதான் வந்தது; வந்தது போகவில்லை.

புது துரையின் மனைவி வீடு பார்க்க வந்தது அதற்கப்புறம்தான். என் கூறைப்புடவை மேல் சாய்ந்து உட்கார்ந்து, பழசையும் புதுசையும் மாறி மாறிக் காட்டிப் புகழ்ந்து தள்ளினாள். நான் தட்டில் காப்பி கொண்டுபோனேன். துரைசாணி கோப்பையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். என் கணவரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வீட்டுக்காரி நூல் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். துரைசாணி என்ன கேட்டாள் என்று பிறகு அவரிடம் விசாரித்தேன். காப்பி நன்றாக இருக்கிறதாம். கோப்பை உதட்டில் படுவதற்கு முன்னாலேயே.

கடைசியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்ததும் நான்தான், பத்தியம் சமைத்ததும் நான்தான். குழந்தை அவரை உரித்து வைத்திருந்தது. மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை பிறந்தாச்சே" என்றேன்.

"தெரியுது."

"சொல்றேன்னீங்க."

கழுத்துப் பட்டையை நெகிழ்த்திக்கொண்டார். "தொட்டில் போடற அன்னைக்கு அவங்க அப்பா அம்மா எல்லாம் வருவாங்க. அன்னைக்கே சொல்லிடறேன். நீ ஒண்ணும் பேசாதே. நான் பாத்துக்கறேன்."

தொட்டில் போடும் நாளும் வந்தது. பொழுது விடிந்ததும் தலை முழுகினேன். ஒரு வெற்றிலைக் கிழிசலில் குங்குமத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவர் சொன்ன அடுத்த நிமிஷம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. கூடம் நிறைந்துவிட்டது. அவள் அப்பா ஜரிகை அங்கவஸ்திரத்தோடு சோபாவில், அம்மா தொட்டில் பக்கத்தில், நாற்காலிகளில் கிராணிகள், வாத்தியார், கோரைப்பாயில் பெண்கள். நல்ல காரியம் நடக்கும் இடத்துக்கு விதவை வரக் கூடாது. ஆகவே நான் சமையற்கட்டு வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே நின்றேன்.

அவள் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் போனாள். "பெரியம்மாவைக் கும்புட்டுக்கோ ராஜா. பெரியம்மா உன்னைக் காப்பாத்துவாங்க" என்றாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு தடவை என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். பிறகு எழுந்து போய், கிராமபோனில் முடிந்துபோயிருந்த தட்டை எடுத்துவிட்டு வேறொரு தட்டை வைத்தார்.

என் கால் தானாக நகர்ந்தது.

"நீ எங்கம்மா உள்ள வர்றே? நல்ல காரியம் நடக்குதில்ல?" என்று அவள் அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்" என்றேன். "செத்துப் போகல. நான்தான் இவரோட பொண்டாட்டி. அக்கா தங்கச்சின்னு யாரும் கிடையாது. நான் ஒருத்திதான்."

கிராமபோன் பாடிக்கொண்டேயிருந்தது. கூடம் இடிந்து விழும் என்று இத்தனை வருஷம் எண்ணியிருந்தேனே, ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பெரிய கிராணியின் மனைவிதான் முதலில் உச்சுக் கொட்டினாள். "தங்கச்சி மேல எவ்வளவு உசிரு பாருங்க" என்றாள். பிள்ளையைப் பெற்ற அவள் தொட்டிலருகிலிருந்து எழுந்தாள். "காய்ச்சல் கண்டதுலேர்ந்து அக்காவுக்கு அப்பப்ப இப்படி வரும். ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு என் தோளில் கையைப் போட்டாள். நான் அவரைப் பார்த்தேன். தோட்டத்துக்கே மருந்து கொடுக்கிற மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "உள்ள கூட்டிக்கிட்டுப் போய்ப் படுக்க வை" என்றார்.

சமையற்கட்டில் என்னை முக்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கும்வரை நின்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கதான்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். எங்கப்பா விசாரிக்காமயா பொண்ணு குடுப்பாரு? உசிரோட ஒருத்தி இருக்கிற இடத்துல பொண்ணைக் குடுத்தாருன்னு நாலு பேர் சொல்லக் கூடாதுன்னாரு. மூத்தவ படம் கூடத்துல மாலையோட தொங்கணும், அப்பத்தான் சம்மதம்னு சொன்னதே அவருதான்."

தம்ளரைக் கீழே வைத்தேன். "அப்ப வெள்ளிக்கிழமைப் படையல் எதுக்கு?" என்று கேட்டேன்.

"செத்தவங்களுக்குச் செய்யறதைக் குறையில்லாமச் செஞ்சா அவங்க செத்தவங்களாவே இருந்துருவாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க. நான் ஒரு வாரம் விட்டதில்லக்கா." அவள் குரலில் குத்தல் இல்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தவளின் நிம்மதிதான் இருந்தது. "பால் பொங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

பாலை இறக்கி வைத்தேன். அப்படியானால் அந்தப் பொய் யாருக்காக? ஊராருக்குக் கொஞ்சம். மீதி எனக்கு. என்னிடம் ஒரு ரகசியம் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கொண்டிருக்கும்வரை நன்றாகச் சமைப்பேன் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடுப்பில் இருந்த குங்குமத்தை அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில்தான் இருந்தேன். வேறு எங்கே போவது? பைத்தியக்கார அக்கா என்று பேராயிற்று. பைத்தியத்துக்குச் சில சலுகைகள் உண்டு. வெள்ளிக்கிழமைப் படையலுக்கு இனி முந்திரி போட மாட்டேன் என்றேன், யாரும் கேட்கவில்லை. கூடம் இன்னும் இரண்டு மூன்று தடவை மாறியது. கிராமபோன் போய் ரேடியோ வந்தது. என் படம் மட்டும் இடம் மாறவில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்த என் கணவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். சோபாவையும் நாற்காலிகளையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தினார்கள். நான் அழவில்லை. பைத்தியம், அதற்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

கருமாதி அன்று தாலி வாங்கும் சடங்கு. சுமங்கலிகள் அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. அவள் அம்மா, கிராணி வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெளியே போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். தாலியை வாங்குகிறவள் விதவையாக இருக்க வேண்டும். வீட்டு மனுஷியாகவும் இருக்க வேண்டும். பெரிய கிராணியின் மனைவி போகிற போக்கில் என் கையைப் பிடித்து, "நீங்கதான் செய்யணும். இதெல்லாம் பட்டவங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லுங்க" என்றாள்.

முதல் தடவையாக என்னைக் கூடத்தின் நடுவுக்குக் கூப்பிட்டார்கள்.

மணையில் அவள் உட்கார்ந்திருந்தாள், தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். கிண்ணத்தில் பால். லயத்திலிருந்து வந்திருந்த இரண்டு விதவைக் கிழவிகள் சுவரோரம் நின்றார்கள். வேறு யாரும் இல்லை.

"அக்கா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "இப்ப வேணும்னா சொல்லிக்குங்க. நீங்கதான் பெரியவங்கன்னு. நான் ஆமான்னு சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

"எதுக்கு?" என்றேன். "இன்னொரு தரம் தாலி அறுக்கவா?"

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் கழுத்தில் கை வைத்தேன். மஞ்சளில் ஊறிய கயிறு, முடிச்சு இறுகிக் கிடந்தது. கிழவி ஒருத்தி, "கத்தி எடுத்தாரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நகத்தால் நெம்பி, ஒவ்வொரு இழையாக, மெதுவாக அவிழ்த்தேன். எனக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை. அந்தக் கூடத்தின் நடுவில் அவ்வளவு நேரம் என்னை யாரும் உட்கார விட்டதில்லை.